கருவி தேய்வதேன்? எஃகின் கரியும் கடினமும்

உழைக்கும் கருவி யாவும் தேயும். கொழு மண்ணில் தேய்கிறது. அரிவாள் கதிரில் தேய்கிறது. ஊசி நூலில் தேய்கிறது. ஆயினும் ஒரே சந்தையில், ஏறத்தாழ ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு அரிவாள்களுள் ஒன்று பல அறுவடைகளைக் காண, மற்றொன்று முதல் வயலிலேயே மழுங்கிவிடுவதை நம் உழவர்கள் நன்கு அறிவர். பார்வைக்கு இரண்டும் இரும்பே. வேற்றுமை எங்கேயிருக்கிறது? அதனுள் அடங்கிய கரியின் அளவிலும், அதனை நெருப்பிலிட்டுப் பதப்படுத்திய முறையிலும் இருக்கிறது. இதனைத் தெரிந்துகொள்வது ஆராய்ச்சிக்கூடத்தாருக்கு மட்டும் உரிய வேலையன்று. கொல்லுப்பட்டறை நடத்துபவருக்கும், உழவருக்கும், தோட்டத்துச் சாளையை ஒட்டி நான்கு மெஷின்களைப் போட்டுப் பனியன் துணி பின்னுபவருக்கும் இது கைமுதலைக் காக்கும் அறிவாகும். ஆதலின், கொழுவும் ஊசியும் அருகருகே உழைக்கும் திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

ஓர் ஊசியின் ஒரு நாள் உழைப்பு

1920-களில் சில கைமெஷின்களோடு தொடங்கிய திருப்பூரின் பனியன் தொழில், இன்று உலகச் சந்தை வரை பரந்துள்ளது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. நகரத்தில் மட்டுமன்றி, அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலும் பின்னல், தையல் வேலைகள் நடைபெறுகின்றன. இவ்வளவு பெரிய தொழிலும் இறுதியில் ஒரு சிறு எஃகுத் துண்டின்மேல் நிற்கிறது. அதுவே ஊசி.

வட்டப் பின்னல் மெஷினில் சிலிண்டரைச் சுற்றி ஊசிகள் செங்குத்தாக அணிவகுத்து நிற்கின்றன. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உடைய மெஷினில், அங்குலத்துக்கு 24 ஊசி வீதம், சுற்றளவு முழுவதும் ஏறத்தாழ 2,260 ஊசிகள் அடங்கும். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் நூலைப் பிடிக்க ஒரு கொக்கியும், அதனை மூடித் திறக்க ஒரு சிறு நாக்கும் உண்டு. இவ்வகை நாக்கு ஊசியைப் பின்னலில் பயன்படுத்தும் முறைக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த மாத்யூ டவுன்செண்ட் என்பார் 1849-இல் காப்புரிமை பெற்றார்.

இந்த ஊசியின் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மெஷினுக்கு நூல் ஊட்டும் இடங்கள் 90 என்றும், அது நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றுகிறது என்றும் கொள்வோம். ஒவ்வோர் ஊசியும் நிமிடத்தில் 2,250 கண்ணிகளைப் பின்னும். எட்டு மணி நேர ஷிப்டில் பத்து லட்சத்து எண்பதாயிரம் கண்ணிகளைப் பின்னும். அத்தனை முறையும் கொக்கியின் உட்புறத்தில் நூல் உராய்கிறது. நாக்கு தன் அச்சில் அசைந்து மோதுகிறது. ஊசியின் அடிக்குமிழ் கேமின் சரிவில் மோதி ஏறி இறங்குகிறது.

பஞ்சு நூல் மென்மையானதாயிற்றே, அது எஃகைத் தேய்ப்பதெப்படி என்று சிலர் வினவக்கூடும். கிணற்றுக் கல்லில் கயிறு பதித்த தடத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கயிறு கல்லைவிட மெத்தென்றதே. ஆனால் ஓயாத உராய்வும், கயிற்றில் ஒட்டிய மணலும் சேர்ந்து கல்லையே அறுத்துவிடுகின்றன. பஞ்சோடு வரும் நுண்மணலும் தூசியும் ஊசிக்கு அதே வேலையைச் செய்கின்றன. செயற்கை இழைகளில் பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெண்தூளும் ஊசியைத் தேய்க்கவல்லது.

தேய்ந்த ஊசி ஒன்றேயாயினும், துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழும். கூலிக்குப் பின்னித்தரும் சிறு யூனிட்டுக்குக் கிடைப்பதோ கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி மாத்திரமே. துணி கழிக்கப்பட்டால் கூலி போவதோடு, நூலின் விலையையும் தாங்க நேரிடலாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகளுள் ஒன்றின் தேய்வு ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாயைத் தின்றுவிடும் என்பது இதனால் விளங்கும்.

இரும்பில் கரி சேர்ந்தால்

இரும்பும் எஃகும் வேறு வேறு உலோகங்கள் அல்ல. இரும்பில் சிறிதளவு கரி கலந்ததே எஃகு. இந்த வேற்றுமைக்குக் கரியே காரணம் என்பதை 1786-இல் பிரெஞ்சு அறிஞர்களான வாண்டர்மோண்ட், பெர்த்தொலே, மோன்ஷ் ஆகிய மூவர் தெளிவுபடுத்தினர். நூறு பங்கில் கால் பங்குக்குக் குறைவாகக் கரி இருப்பின் அது மென்னெஃகு. வளையும், நீளும், எளிதில் பற்றவைக்கலாம். ஏறத்தாழ 0.3 முதல் 0.6 சதவீதம் வரை நடுத்தர எஃகு. அதற்கு மேல் 1.4 சதவீதம் வரை உயர்கரி எஃகு. ஊசி, அரம், உளி முதலியவை இவ்வகையினவாகும். 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பாகிவிடுகிறது. வார்க்கலாமேயன்றி அடித்து நீட்டல் இயலாது. ஆயிரம் பங்கில் சில பங்குகள் மாறுவதால் ஓர் உலோகத்தின் குணமே மாறிவிடுகிறது.

இக்கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப்படுவது இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. அங்கு 1985 முதல் பல கட்டங்களாக நடைபெற்ற அகழாய்வுகளில், மணிக்கற்களைக் கொண்டு அணிகள் செய்த தடயங்களோடு, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் கிடைத்தன. எஃகு ஆக்கியதற்கான சான்றுகளும் உண்டென ஆய்வாளர் கூறியுள்ளனர்.

பிற்காலத்தில் சேலம் பகுதியில் எஃகு செய்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளார். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங் கட்டைகளோடு களிமண் மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சுவர். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பினுள் புகுந்து எஃகாகும். இத்தகைய இந்திய எஃகே மேனாட்டில் ‘ஊட்ஸ்’ எனப் பெயர் பெற்றது. அதில் கரி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைச் சதவீதத்தை ஒட்டியிருந்தது. கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே 1819-இல் இதனை ஆராய்ந்தார். ஆவாரையும் எருக்கும் இன்றும் நம் வேலியோரம் நிற்பவை. கரியை அளந்து சேர்க்கும் கருவி ஏதுமின்றி, கைப்பழக்கத்தாலேயே நம் முன்னோர் அதன் அளவை அறிந்திருந்தனர் என்பது வியப்புக்குரியது.

கடினம் பிறப்பது நெருப்பிலும் நீரிலும்

கரி இருந்தால் மட்டும் எஃகு கடினமாகிவிடாது. கரி கொடுப்பது கடினமாகும் தகுதியை; அத்தகுதியை வெளிக்கொணர்வது தோய்ச்சல். 0.8 சதவீதம் கரியுள்ள எஃகைச் சுமார் 727 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால், அதன் உள்ளமைப்பு மாறிக் கரி முழுவதும் இரும்பினுள் கரைந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் கரி பிரிந்து தனித் தகடுகளாகப் படியும். எஃகு மென்மையாகவே இருக்கும். திடீரெனக் குளிர்வித்தால் கரிக்குப் பிரிய நேரமில்லை. அது இரும்பின் அணுக்களிடையே சிக்கி அவற்றை இறுக்கிவிடுகிறது. இந்த இறுகிய அமைப்பு, ஜெர்மானிய அறிஞர் மார்ட்டன்ஸ் என்பாரின் நினைவாக மார்ட்டன்சைட் எனப்படுகிறது.

கடினத்தை எண்ணால் அளக்கும் முறைகள் பல உள. 1900-இல் சுவீடன் நாட்டுப் பிரினெல் எஃகுக் குண்டை அழுத்திப் பதியும் குழியை அளந்தார். பின்னர் வந்த விக்கர்ஸ் முறையில் குண்டுக்குப் பதிலாக வைரமுனை அழுத்தப்படுகிறது. குழி சிறிதாக இருந்தால் எண் பெரிதாகும். மென்னெஃகின் விக்கர்ஸ் எண் சுமார் 120 முதல் 150 வரை இருக்கும். நன்றாகத் தோய்ந்தால், 0.2 சதவீதக் கரியுள்ள எஃகு ஏறத்தாழ 450-ஐயும், 0.4 சதவீதமுள்ளது 650-ஐயும், 0.6 சதவீதமுள்ளது 800-ஐயும் எட்டும். அதற்கு மேல் கரியைக் கூட்டினாலும் கடினம் அவ்வளவாக உயர்வதில்லை.

அப்படியாயின் அதற்கு மேல் கரி எதற்கு? கடினத்துக்கும் தேய்வுக்கும் உள்ள தொடர்பில் இதற்கு விடை கிடைக்கும்.

தேய்மானத்தின் கணக்கு

1953-இல் ஆங்கில அறிஞர் ஆர்ச்சர்ட் ஓர் எளிய விதியை வெளியிட்டார். உராயும் பொருள் தேயும் அளவு, அதன்மேல் அழுத்தும் பளுவையும், அது உராய்ந்து செல்லும் தொலைவையும் பொறுத்துக் கூடும். பொருளின் கடினம் கூடினால் குறையும். மற்றவை மாறாதிருக்க, கடினம் இரண்டு மடங்கானால் தேய்வு பாதியாகும்.

ஆனால் இவ்விதியில் இன்னும் ஓர் எண் உண்டு. உராயும் இரு பரப்புகளும் எத்தகையவை, அவற்றிடையே எண்ணெய் உண்டா, மணல் உண்டா என்பவற்றைப் பொறுத்து அது மாறும். எண்ணெயற்ற உலோகப் பரப்புகளுக்கும், நன்கு எண்ணெயிட்ட பரப்புகளுக்கும் இடையே இவ்வெண் நூறு மடங்குக்கு மேலும் வேறுபடலாம். விலையுயர்ந்த எஃகை வாங்கித் தேய்வைப் பாதியாக்குபவர், எண்ணெயிட மறந்தால் அந்த லாபத்தைப் போலப் பன்மடங்கை இழந்துவிடுவார்.

மணலின் கணக்கு வேறு. கொங்குநாட்டுச் செம்மண்ணில் விரவிக் கிடக்கும் வெங்கச்சங் கல்லின் விக்கர்ஸ் எண் ஆயிரத்தைத் தாண்டும். தோய்ச்சல் பெற்ற எஃகின் கடினம் 800-ஐ ஒட்டியது. ஆகவே எவ்வளவு தோய்ச்சல் வைத்தாலும், வெங்கச்சங் கல் கொழுவைக் கீறவே செய்யும். இங்கேதான் மிகுதியான கரியின் பயன் வெளிப்படுகிறது. இரும்பில் அடங்காத கரி, இரும்போடு கூடிக் கார்பைடு என்னும் நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கிறது. இவை எஃகைவிடக் கடினமானவை. சரளையிட்ட சாலையில் மண் கரைந்தாலும் கல் தாங்குவதுபோல், எஃகின் பரப்பில் இத்துகள்கள் உராய்வைத் தாங்குகின்றன. ஆதலின் ஒரே கடின எண்ணுடைய இரண்டு எஃகுகளுள், கரி மிகுந்து கார்பைடு நிறைந்ததே பொதுவாக மெதுவாகத் தேய்கிறது. குரோமியம், வனேடியம் முதலிய உலோகங்களைச் சேர்த்தால் இன்னும் கடினமான கார்பைடுகள் உண்டாகும். நூற்பாலை ரிங்குகளுக்கும் பேரிங் குண்டுகளுக்கும் ஒரு சதவீதக் கரியும் ஒன்றரைச் சதவீதக் குரோமியமும் உள்ள எஃகு பயன்படுவது இதனாலேயே.

கடினம் மிகுந்தால் ஒடியும்

இவ்வளவும் படித்தபின், மிகக் கடினமான எஃகே மிகச் சிறந்தது என்று கொள்ளத் தோன்றும். அது தவறு. தோய்த்தெடுத்த உயர்கரி எஃகு கண்ணாடியைப் போன்றது, தட்டினால் ஒடியும். ஊசியின் நாக்கும் அரிவாளின் வாயும் அந்நிலையில் நிற்கமாட்டா. ஆகவே தோய்ச்சலுக்குப்பின் மறுபடியும் மிதமாகக் காய்ச்சி இளக்க வேண்டும். இதனால் கடினம் சிறிது குறைந்து, ஒடியாத் தன்மை கூடுகிறது. பின்னல் ஊசியைச் செய்வோர் அதனை உச்சக் கடினத்தில் விடாமல் சற்று இளக்கியே அனுப்புவதன் காரணம் இதுவே.

கடின எண் ஒன்றையே நம்பலாகாது என்பதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. 1882-இல் இங்கிலாந்தின் ஹாட்பீல்ட் கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகில் 12 சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸும், ஒரு சதவீதத்துக்கு மேல் கரியும் உண்டு. தொடக்கத்தில் அது அவ்வளவு கடினமானதன்று. ஆனால் அடி விழ விழ மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். உட்புறம் ஒடியாமல் நிற்கும். கல் உடைக்கும் மெஷின்களின் தாடைத் தகடுகளுக்கு அது ஏற்றது. மோதலே இல்லாமல் மணல் மட்டும் உராயும் இடத்தில் அதனால் அத்துணைப் பயன் இல்லை. எந்த வேலைக்கு எந்த எஃகு என்பதே கேள்வி.

கொல்லுப்பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கட்டடக் கம்பித் துண்டுகளைக் கொண்டு அரிவாளும் களைக்கொத்தும் அடிப்பது சில இடங்களில் வழக்கமாயுள்ளது. அக்கம்பியில் கரி பொதுவாக 0.3 சதவீதத்துக்கு மேற்படாது. எவ்வளவு தோய்த்தாலும் வாய் நிற்காது. லாரியின் பழைய வில் பட்டையில் கரி அரைச் சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அதுவே தகுந்தது. இன்ன இரும்பு என்று தெரியாதபோது சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்க்கலாம். நீண்ட, கிளைகள் குறைந்த பொறி பறந்தால் மென்னெஃகு. பூவாணம்போல் கிளைத்து வெடித்தால் கரி மிகுந்த எஃகு.

எஃகை வெண்மையாகும்வரை காய்ச்சலாகாது. மிகையான சூட்டில் மேற்பரப்பின் கரி எரிந்துபோகும். உள்ளே மணிகள் பருத்து எஃகு நொறுங்கும். தோய்ச்சலுக்கான சூட்டை அறிய ஒரு காந்தம் போதும். செம்மையேறிய எஃகைக் காந்தம் பற்றாத நிலை வந்தபின், இன்னும் சற்றே காய்ச்சித் தோய்க்கலாம். வில் பட்டையை நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும்; எண்ணெயில் தோய்ப்பது நலம். தோய்ந்தபின் ஒரு பழைய அரத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் பற்றாமல் வழுக்கினால் தோய்ச்சல் சரி. பற்றினால் மீண்டும் செய்தல் வேண்டும்.

இளக்குவதற்கு நிறமே அளவுகோல். துலக்கிய பரப்பைக் காய்ச்சினால் சுமார் 225 டிகிரியில் வைக்கோல் நிறமும், 255-ஐ ஒட்டிப் பழுப்பும், 280-இல் கருஞ்சிவப்பும், 300-இல் நீலமும் படரும். கூர்வாய்க் கருவிக்கு வைக்கோல் நிறமும், அடி தாங்கும் கருவிக்குப் பழுப்பு அல்லது கருஞ்சிவப்பும் பொருந்தும்.

மென்னெஃகில் செய்த உறுப்புக்கும் வழியுண்டு. அதனைக் கரித்தூளோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, வாயை மண்ணால் மூடி, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் காய்ச்சினால், மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கரி ஏறும். பின் தோய்த்தால் புறம் கடினமாகவும் அகம் ஒடியாததாகவும் அமையும். பழைய மூசை முறையும் இதுவும் ஒரே தத்துவத்தின் இரு கிளைகள்.

பனியன் தொழிலில் கவனிக்க வேண்டியவை

பின்னல் மெஷினுக்கு எண்ணெய் தடையின்றிச் செல்கிறதா என்பதை ஷிப்டுதோறும் பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசியை நாள்தோறும் நீக்க வேண்டும். தூசியோடு மணலும் தங்குகிறது என்பதை மறக்கலாகாது. தேய்ந்த ஊசிகளின் நடுவே ஓரிரு புதிய ஊசிகளை மட்டும் செருகினால், அங்கே கண்ணி வேறுபட்டுக் கோடு விழக்கூடும். ஆகவே தேய்வு பரவியபின், முழுச் செட்டையும் ஒருங்கே மாற்றுவதே இறுதியில் சிக்கனம்.

தையல் ஊசியின் நிலை வேறு. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் ஓடும் மெஷினில், தடித்த துணியைத் துளைக்கும்போது ஊசியின் சூடு 200 டிகிரிக்கு மேலும் ஏறுவதுண்டு. இளக்கிய சூட்டைத் தாண்டிக் காய்ந்தால் எஃகின் கடினம் குறையும், முனை மழுங்கும், துணியில் ஓட்டை விழும். டைட்டானியம் நைட்ரைடு பூசிய பொன்னிற ஊசிகள் இப்போது கிடைக்கின்றன. அப்பூச்சின் கடினம் விக்கர்ஸ் எண்ணில் இரண்டாயிரத்தைத் தாண்டும். பூச்சு மெல்லியது, உள்ளிருக்கும் எஃகு நன்றாக இருந்தாலன்றிப் பூச்சு மட்டும் காக்காது.

ஊசி ஒடிந்தால், துண்டுகள் அனைத்தையும் தேடிச் சேர்த்துக் கணக்கில் வைத்தபின்னரே புதிய ஊசி தருவது நல்ல தொழிற்கூடங்களின் வழக்கம். குழந்தையின் சட்டையில் ஒரு சிறு முனை தங்கிவிட்டாலும் விளைவு கொடியது. இதனை வாங்குவோரின் கட்டளையாக மட்டும் கொள்ளாமல், நம் கடமையாகவே கொள்ளுதல் தகும்.

துணி வெட்டும் கத்தியைச் சாணை பிடிக்கும்போது வாயில் நீலம் ஓடினால், அந்த இடத்தில் பதம் போயிற்று என்று பொருள். மெதுவாக, அடிக்கடி ஆற்றிப் பிடிக்க வேண்டும். அரிவாளுக்கும் இதுவே விதி.

கரி தகுதியைத் தருகிறது. தோய்ச்சல் கடினத்தைத் தருகிறது. இளக்கம் உறுதியைத் தருகிறது. எண்ணெயும் தூய்மையும் ஆயுளைத் தருகின்றன. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீணாகும். இவற்றுள் பின்னிரண்டுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை, கவனமே வேண்டும். அடுத்த முறை அரிவாள் வாங்கும்போதோ ஊசிப் பெட்டியைப் பிரிக்கும்போதோ, விலையை மட்டும் கேளாமல், இது என்ன எஃகு, எப்படிப் பதப்படுத்தியது என்றும் நம் மக்கள் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் செய்பவரும் தாமே திருந்துவர். கருவியின் ஆயுள் கூடக் கூட, அதைக்கொண்டு பிழைப்பவரின் கையில் மிஞ்சுவதும் கூடும்.